வயலின் பெயரை ஏற்காத கணினி

வட்டாட்சியர் அலுவலகத்தில் நில ஆவணங்களைக் கணினிக்கு மாற்றும் திட்டத்தை வகுத்த குழுவில் நானும் இருந்தேன். வருவாய்த் துறையில் என் வரைவுகளை எவரும் திருத்தியதில்லை. அந்த வரைவில் மட்டும் ஒரு வரியை அடித்தார்கள். எங்கள் பக்கத்துக் குடியானவர்கள் வயலைப் புல எண்ணால் அறிவதில்லை, பெயரால் அறிவார்கள். ஆகவே அப்பெயரையும் கணினியில் ஏற்ற வேண்டும் என்பதே அவ்வரி. "இதெல்லாம் பழைய காலம் சார்" என்றார் சென்னையிலிருந்து வந்திருந்த பொறியாளர். குழு அவர் பக்கம் நின்றது.

வெள்ளோட்டத்தன்று ஒரு தம்பதி வந்தனர். கணவர் அன்று மாலையே குவைத்துக்குத் திரும்ப வேண்டியவர். இறந்துபோன தந்தையின் பட்டாவைத் தம் பெயருக்கு மாற்ற அவரே நேரில் கையெழுத்திட வேண்டும். தவறினால், அடுத்த விடுப்பு வரை நிலம் இறந்தவர் பெயரிலேயே கிடக்கும். மனைவிக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கிடைக்காது. பழைய பட்டா வெள்ளத்தில் போய்விட்டது. கிராமக் கணக்குகளோ பதிவேற்றத்துக்காக மாவட்டத் தலைநகரில் இருந்தன. கணினியோ புல எண்ணை இட்டால்தான் விவரம் காட்டும்.

"சர்வே நம்பர் சொல்லுங்க" என்றார் பொறியாளர்.

"புளியமரத்துப் பங்குங்க" என்றார் அந்த அம்மாள்.

"நம்பர்மா, நம்பர்."

"ஊர்ல யாரை வேணா கேளுங்க, சொல்லுவாங்க. உங்க பொட்டிக்கு மட்டும்தான் தெரியல."

"சும்மா இருடி, ஃப்ளைட்டு போயிடும்" என்று கணவர் கடிந்தார்.

"போனா போவுது. இங்கயே நாத்துப் பறிங்க."

நான் நான்கெல்லை கேட்டேன். கிழக்கே வாய்க்கால், மேற்கே கூத்தாநல்லூரில் மளிகைக்கடை வைத்திருக்கும் பாயின் வயல் என்றார்கள். கடைக்கு நானே தொலைபேசியில் பேசி, அவருடைய வயலின் எண்ணைக் கேட்டேன்.

"இருங்க சார், தீர்வை ரசீதைப் பார்த்துச் சொல்றேன். ஆமா, கம்ப்யூட்டர் வந்துடுச்சுன்னாங்களே, அதுகிட்ட கேக்கக் கூடாதா?"

"நீங்க நம்பரைச் சொல்லுங்க பாய்" என்றேன்.

அவர் சொன்ன எண்ணுக்கு அடுத்தடுத்த எண்களைப் பொறியாளர் இட்டுப் பார்த்தார். தந்தையின் பெயர் திரையில் வந்தது. கணவர் விண்ணப்பத்தில் கையெழுத்திட்டுவிட்டுத் திருச்சி பஸ்ஸைப் பிடிக்க விரைந்தார். அந்த அம்மாள் மட்டும் நின்று, ஒப்புகைச் சீட்டில் முத்திரை விழுந்ததைப் பார்த்த பின்னரே வெளியேறினார்.

அன்று மாலை, அடிக்கப்பட்ட வரியை ஒரு சொல்லும் மாற்றாமல் வெள்ளோட்ட அறிக்கையில் சேர்த்துப் பொறியாளர் முன் வைத்தேன். அவர் படித்துவிட்டுப் பேனாவைத் திறந்தபடி கேட்டார்: "அந்தப் புளியமரம் இப்பவும் இருக்கா சார்?"

"அது எப்பவோ விழுந்துடுச்சாம். இங்க கையெழுத்துப் போடுங்க" என்றேன்.

போட்டார்.