பூசணிக்காயை நடுவழியில வச்சிட்ட குளோரி

போன ஞாயித்துக்கிழமை எங்க வேதக்கோயில்ல ஒரு பூசணிக்கா ஆராதனையையே நிப்பாட்டிருச்சு.

சிரிக்காதீங்க, நெசம். அந்த நேரத்துல கோயில்ல இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பாத்தது என்னைத்தான். ஊருல எது கோணையா நடந்தாலும் இவன் வேலையாத்தான் இருக்கும்னு ஒரு நெனப்பு! வாராவாரம் இதைப் படிக்கிற நீங்களும் அப்பிடித்தான் நெனப்பீங்க... ஆனா இந்தத் தடவை சத்தியமா நான் இல்லை.

மொதல்ல இருந்து வாரேன்.

எங்க அண்ணனுக்குக் கொடைரோடு ஸ்டேஷன்ல வேலை. விடியக்காலம் ரயிலைப் பிடிச்சு ஓடிருவாரு. மதினிக்கு அடுப்படியில கை ஒழியாது. அதனால காலையில புள்ளைகளுக்கு வேதம், அதான் பைபிள், வாசிச்சுக் காட்டுற பொறுப்பு, சைக்கிள் கடை தொறக்குற வரைக்கும் சும்மா கெடக்குற என் தலையில விழுந்துச்சு. எனக்கோ எட்டாங்கிளாஸோட படிப்பு மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு. நீளமா ஒரு பேரு வந்தா போதும், நாக்கு சிக்கிக்கிரும்.

மதினி வீட்டுல ஒரு சட்டம் இருக்கு. வாசிச்சா மட்டும் பத்தாது. வாசிச்சதுல ஒண்ணைப் பொழுது சாயறதுக்குள்ள செஞ்சு காட்டணும். சாயங்காலம் செபத்துக்கு உக்காரும்போது, "இன்னைக்கு நீ எதுக்குக் கீழ்ப்படிஞ்ச?"ன்னு ஒவ்வொண்ணையும் கேப்பாங்க. பதில் சொல்லாத புள்ளைக்கு முறுக்கு கெடையாது. "வாசிச்சுட்டு மூடி வைக்க அது என்ன பஞ்சாங்கமா?"ம்பாங்க.

புள்ளைக ரெண்டு. குளோரிக்கு ஏழு வயசு, தம்பி தாசுக்கு நாலு. நான் ஆரம்பத்துல எனக்குத் தோதான எடமாப் பாத்து வாசிச்சேன். பெரியவங்களுக்குப் பணிவிடை செய்யணும்னு வந்துச்சா... தாசு காலை அமுக்குனான், குளோரி விசிறுனா. வேதம் இம்புட்டு சொகமானதுன்னு எனக்கு அதுவரைக்கும் தெரியாது!

மதினி பாத்துட்டாங்க. கையில அகப்பை. "ஏப்பா தம்பி, பொறுக்கிப் பொறுக்கி வாசிக்காத. ஒழுங்கா வரிசையா வாசி."

வரிசையா வாசிச்சா என்ன வரும்? எது வேணும்னாலும் வரும்!

நாமதான் இந்தப் பூமிக்கு உப்புன்னு ஒரு நாள் வந்துச்சு. அதுக்கு எப்பிடிக் கீழ்ப்படியறது? எனக்கு வெளங்கல. தாசுக்கு வெளங்கிருச்சு. ஜாடியில கையை விட்டு அள்ளி, மத்தியானத்துக் கத்திரிக்கா வெஞ்சனத்துல கொட்டிட்டான். அன்னைக்கு முறுக்கும் அவனுக்குத்தான், முதுகுல ரெண்டும் அவனுக்குத்தான். எதுக்கு முறுக்கு, எதுக்கு அடின்னு பய முழிச்ச முழி... நானும்தான் முழிச்சேன்.

அப்புறம்தான் அந்த ஞாயித்துக்கிழமை. அன்னைக்கு வரிசையில என்ன வந்துச்சுன்னா — காணிக்கை கொண்டு போறப்ப, யாருக்கோ உன்மேல மனத்தாங்கல் இருக்குன்னு நெனப்பு வந்துச்சா, காணிக்கையை அங்கேயே வச்சிட்டு, மொதல்ல போயி அவங்களோட சமாதானமாகிட்டு வா. அம்புட்டுத்தான். நான் மூடி வச்சிட்டு குளிக்கப் போயிட்டேன்.

குளோரி மூடி வைக்கல.

அன்னைக்கு எங்க கோயில்ல அறுப்புப் பண்டிகை. வெளைஞ்சதுல நல்லதா ஒண்ணைக் கொண்டு போயிப் பீடத்துக்கு முன்னால வைக்கணும். ஆராதனை முடிஞ்சதும் எல்லாத்தையும் ஏலம் விடுவாங்க. சுத்துப்பட்டு ஊருல இருந்தெல்லாம் வண்டி கட்டி வருவாங்க. ஆத்தூர்ல இருந்து மதினியோட அண்ணனும் வந்திருந்தாரு.

அவருக்கும் மதினிக்கும் பேச்சு கெடையாது. அவரு காடும், மதினிக்குச் சீதனமாக் குடுத்த தென்னந்தோப்பும் ஒரே கெணத்துல பாயுது. அவரு ஒரு வார்த்தை கேக்காம கெணத்துல கரண்டு மோட்டாரை மாட்டி, இருந்த தண்ணியை எல்லாம் தன் பக்கம் இழுத்துக்கிட்டாரு. அவரு காடு பச்சை, மதினி தென்னை கருகல். அன்னைக்குப் போன பேச்சுதான். இப்ப அவரு மகளுக்குக் கல்யாணம் வருது. அந்தப் புள்ளையை இடுப்புல தூக்கி வளத்ததே மதினிதான். ஆனாலும், "அந்த வாசப்படியை மிதிக்கமாட்டேன்"னு வீம்பு. சொல்லிட்டு அடுப்படிக்குப் போயி மூக்கைச் சிந்துவாங்க. கேட்டா வெங்காயம்பாங்க.

காணிக்கைப் பாட்டு ஆரம்பிச்சாச்சு. எங்க வீட்டுப் பூசணிக்காயைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுக் குளோரி வரிசையில போறா. பாதி தூரம் போனவ ஆம்பளைக பக்கம் திரும்புனா. அங்க அவ மாமா உக்காந்திருக்காரு.

நின்னுட்டா. பூசணிக்காயைத் தரையில வச்சா. நேரா பொம்பளைக பக்கம் போயி மதினி முன்னால நின்னா.

"அம்மா, மாமாவுக்கு உங்க மேல மனத்தாங்கல் இருக்குல்ல?"

"சும்மா இருடி!"

"மொதல்ல போயி சமாதானமாகிட்டு வாங்க. பூசணிக்கா அங்கேயே இருக்கும்."

மதினி கிள்ளுனாங்க. புள்ள அசையல. "சித்தப்பா காலையில வாசிச்சாருல்ல? இன்னைக்கு நமக்கு இதுதாம்மா!"

அப்பத்தான் எல்லாரும் என்னையப் பாத்தாங்க. எனக்குப் பின்னால இருந்து ஒருத்தரு, "ஏலே, நீதான கெளப்பி விட்ட?"ங்குறாரு. நான் வாயையே தொறக்கல!

வழி மறிச்சுக் கெடக்குது பூசணிக்கா. பின்னால காணிக்கைச் சேவலோட நிக்கிறவருக்குக் கை வலிக்குது. எங்க பாதிரியாரு — நாங்க ஐயருன்னுதான் கூப்பிடுவோம் — எறங்கி வந்து குனிஞ்சாரு.

"ஐயரே, எடுக்காதீங்க! அங்கேயே வச்சிட்டுத்தான் போகணும்னு போட்டிருக்கு"ன்னு குளோரி கத்துனா.

நீட்டுன கையை என்ன செய்யன்னு அவருக்குத் தெரியல. எடுத்தா வேதத்துக்கு விரோதம், எடுக்காட்டி ஏலம் நடக்காது. கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சாரு. பாட்டுக்காரங்களைப் பாத்துக் கையைக் காட்டுனாரு. அவங்க பாட்டை மொதல்ல இருந்து ஆரம்பிச்சாங்க.

எனக்கு ஒரே கொழப்பம். எது வாசிக்கிறதுக்கு, எது செய்யுறதுக்குன்னு யாராவது கோடு போட்டுக் குடுத்திருக்காங்களா? பெரியவங்களுக்கெல்லாம் அது எப்பிடியோ தெரிஞ்சிருக்கு. அதைப் புள்ளைகளுக்குச் சொல்லிக்குடுக்கத்தான் எல்லாரும் மறந்துட்டோமோ?

மதினி எந்திரிச்சாங்க. முக்காட்டை இழுத்து விட்டுக்கிட்டு வெளிய நடந்தாங்க. மாமாவும் தலையைக் குனிஞ்சுக்கிட்டே பின்னால போனாரு. நானும் குளோரியும் ஓடுனோம். வேப்பமரத்தடியில வண்டிமாடுகளுக்கு நடுவுல நிக்கிறாங்க ரெண்டு பேரும்.

"கேக்காம மோட்டார் போட்டீங்களேண்ணே... எந்தென்னை கருகிப் போச்சே!"

"கேட்டா சரின்னு சொல்லியிருப்பியாக்கும்?"

"கேட்டிருந்தாத்தான தெரியும்!"

"கல்யாணம் சொல்ல உன் வாசல் வரைக்கும் வந்துட்டு வந்துட்டுத் திரும்புனேன், தெரியுமா?"

"கதவைத் தட்டுனா கை ஒடிஞ்சிருமோ?"

"தட்டுனா தொறந்திருப்பியா?"

"...மாட்டேன்."

மாமா பக்கத்துல நின்ன மாட்டைத் தடவிக் குடுத்தாரு.

அப்புறம் மதினி, மரத்தைப் பாத்துக்கிட்டே, "கல்யாணச் சமையலுக்கு யாரைச் சொல்லியிருக்கீங்க?"ன்னாங்க.

"ஒட்டன்சத்திரத்து ஆளை."

"அவனா? அவன் வைக்கிற சாம்பாருல மாடு தண்ணி குடிக்கலாம்!"

"அப்ப நீ வந்து நின்னு செய்யி!"

"செய்யாம? ஊரு காறித் துப்பட்டும்னு விடச் சொல்றீங்களா?"

குளோரி என் சட்டையை இழுத்தா. "சித்தப்பா, சமாதானம் ஆயிருச்சா?"

"தெரியலையேத்தா... இன்னும் வைஞ்சுக்கிட்டுத்தான இருக்காங்க."

"பேசுறாங்கள்ல?"ன்னுட்டு உள்ள ஓடிட்டா, பூசணிக்காயை எடுக்க.

அன்னைக்குச் சண்டை முடிஞ்சுச்சா, புதுசா ஆரம்பிச்சுச்சான்னு இன்னைய வரைக்கும் எனக்கு வெளங்கல. மோட்டார் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. மதினியும் வைஞ்சுக்கிட்டுத்தான் இருக்காங்க. ஆனா நேத்துக் கல்யாணப் பொண்ணுக்குச் சேலை எடுக்கச் சின்னாளப்பட்டிக்குப் போனாங்க... பையைத் தூக்கிட்டு வர மாமாவையும் இழுத்துக்கிட்டு!

புள்ளைகளுக்கு வேதம் வாசிச்சுக் காட்டுறவங்களுக்கு ஒரு வார்த்தை — சூதானமா இருங்க, அதுக நெசமாவே கேக்குதுக.