தார் ரோட்டில் உள்ளங்கை

பேக்கரியில் அடுப்படி வேலை பார்ப்பவருக்குத் தொப்பை. டாக்டர் மிரட்டியதிலிருந்து, வேலை முடிந்து வந்ததும் நாயைக் கூட்டிக்கொண்டு ஓடுவார். அன்று வேலை முடிய உச்சிவெயில் ஆகிவிட்டது.

"இந்த வெயில்லயா?" என்றாள் மனைவி.

"தெனமும் அடுப்புல வேகுறவன்டி நான். வெயில் என்னை என்ன பண்ணும்?" என்று வீராப்பாகக் கிளம்பிவிட்டார்.

பாலத்தின் நடுவில் நாய் நின்றுவிட்டது. வாரைச் சுண்டினார், அசையவில்லை.

"ஓசிச் சோறு தின்னு உடம்பை வளர்த்தாச்சு. ஓட மட்டும் வலிக்குதா?" என்று கத்தி இழுத்தார். அது ஒரு முன்னங்காலைத் தூக்கியது, வைத்தது, மறுகாலைத் தூக்கியது. பின்னால் லாரி ஹாரன் அலறியது. ஒதுங்கப் பொட்டு நிழல்கூட இல்லை.

ரொட்டி வைக்குமுன் அடுப்பின் சூட்டைக் கையால் பார்க்கிற மனிதர், குனிந்து தாரில் உள்ளங்கையை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்துவிட்டார்.

நாயை வாரித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். மூச்சு வாங்கியது, முழங்கால் கெஞ்சியது, நிற்கவில்லை.

வாசலில் மனைவி நாயின் பாதத்தைத் திருப்பிப் பார்த்தாள். தோல் உரிந்திருந்தது. பிறகு அவருடைய காலைப் பார்த்தாள்.

போட்டிருந்த புது ஷூ அப்போதுதான் அவரைச் சுட்டது.