காற்றைச் சேர்ப்பதா, விடுவதா

வாணலி காய்ந்து புகைய ஆரம்பித்துவிட்டது. டீச்சர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. ஒரு கையில் சாய்த்துப் பிடித்த தட்டு, மறு கையில் கணவரின் கைக்கடிகாரம். தட்டின் மேல் முனையில் விட்ட எண்ணெய் அசைந்து அசைந்து கீழே இறங்குவதையே உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"ஏம்மா, அந்த எண்ணெய் சமையலுக்கா, கிளாசுக்கா?" கூடத்தில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும் கணவர் குரல் கொடுக்கிறார்.

"சும்மா இருங்களேன். வெயில் காலத்துல இதே தட்டுல சரசரன்னு ஓடுச்சு. குளிர் வந்ததும் என்ன நடை நடக்குது பாருங்க!"

"அது நடந்து வர்றதுக்குள்ள நான் பசியில படுத்துடுவேன்."

டீச்சர் தொழிற்கல்லூரியில் மாலை வகுப்புக்குப் பாய்ம இயக்கவியல் எடுப்பவர். பெயர்தான் மிரட்டுகிறதே தவிர விஷயம் ஒன்றும் பெரிதில்லை. தண்ணீர், எண்ணெய், காற்று ஆகியவை எப்படி ஓடுகின்றன, எப்படி அழுத்துகின்றன, அவ்வளவுதான். பகலெல்லாம் வண்டி ஓட்டிவிட்டு, மெஷின் பழுது பார்த்துவிட்டு, கை கழுவியும் போகாத கிரீஸ் வாசத்தோடு வந்து உட்காரும் மாணவர்கள். பாதிப்பேருக்கு டீச்சரைவிட நரை அதிகம். அவர்களுக்காக மாதம் ஒரு பயிற்சிக் கணக்குத் தாள் தயாரிக்கிறார். தன் கையால் ஊற்றிப் பார்க்காத எதையும் அதில் சேர்க்க மாட்டார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. அதைக் கேட்டால் சிரிப்பீர்கள். யாராவது அவருக்கு ஒரு நல்லது செய்துவிட்டால் போதும், அடுத்த தாளில் அவர்கள் ஒரு கணக்காகிவிடுவார்கள். ஓடி வந்த டீச்சருக்காக பஸ்ஸை நிறுத்திய ஓட்டுநர், பிரேக் எண்ணெயின் அழுத்தமாக வந்தார். வலி தெரியாமல் பல் பிடுங்கிய டாக்டரின் நாற்காலி, காலால் மிதித்தால் ஆளையே தூக்கும் கணக்கானது. தாள் அச்சானதும் அவர்களைத் தேடிப் போய் ஒரு பிரதி கொடுத்துவிட்டு வருவார். ஞாயிற்றுக்கிழமையென்றும் பாராமல் வந்து மாடித் தொட்டியின் ஒழுக்கை அடைத்த குழாய்க்காரர் பாவம், தாளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, தண்ணி வரி நோட்டீஸா?" என்று பதறிவிட்டார்.

"உங்களைப் பத்திதான் எழுதியிருக்கேன். மூணாவது கணக்கு. தொட்டியோட அடியில எவ்வளவு அழுத்தம்னு கேட்டிருக்கேன்."

"அழுத்தமா! அன்னைக்கு மூஞ்சியில அடிச்சுதே, அதுவா?" என்றவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

தையல்காரரான கணவருக்கும் ஒரு கணக்கு உண்டு. தண்ணீரின் மேல் படுத்து மிதக்கும் ஊசி. கல்யாணத்துக்குப் பிறகு டீச்சர் படித்ததெல்லாம் அவர் விடிய விடிய சீருடை தைத்த காசில். அந்தத் தாளை மெஷினுக்கு எதிர்ச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார். அந்தக் கணக்கை எப்படிப் போடுவது என்று அவருக்குத் தெரியாது. ஆனாலும் துணி வாங்க வருகிறவர்களிடம் "இது நான்தான்" என்று காட்டாமல் விட மாட்டார்.

புதுத்தாளை முதலில் படிப்பதும் அவர்தான். புரிகிறதா இல்லையா என்று சொல்வது மட்டும்தான் அவர் வேலை, ஆனால் அதோடு நிற்பாரா? "தொட்டியை இப்படித் திறந்து போட்டுட்டு எங்க போனான் இந்த ஆளு?" என்று ஆரம்பித்துவிடுவார். "தூசி விழாதா?" என்பார். டீச்சர் தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் மறுநாள் தாளில் 'வலை போட்டு மூடிய தொட்டி' என்று திருத்தம் இருக்கும்.

இப்படிப்பட்ட மனிதர் போன வருஷம் ஒரு மழைநாளில், துணி வெட்டிக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மேசை மேல் சாய்ந்துவிட்டார். தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர், அக்கம்பக்கத்தார் அவரைப் பெரிய சாலை வரை தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே வண்டிகள் நின்ற இடத்திலேயே நின்றுபோயிருந்தன. ஆம்புலன்ஸ் டிரைவர் வந்தார், பார்த்தார், பாலத்தின் எதிர்வழியில் வண்டியை ஏற்றிவிட்டார். எதிரே வந்தவர்கள் திட்டினார்கள். அவர் ஒரு கையால் ஒலிப்பானை அழுத்திக்கொண்டே, "அம்மா, அவர் கையை விடாதீங்க, பேசிக்கிட்டே இருங்க" என்று பின்னால் சொல்லிக்கொண்டு வந்தார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கை மீறியிருக்கும் என்று டாக்டர் பிறகு சொன்னார். நன்றி சொல்ல டீச்சர் ஆஸ்பத்திரி வாசலுக்கு ஓடியபோது அந்த வண்டி அடுத்த ஆளுக்காகப் போய்விட்டிருந்தது.

இந்த வருஷம் வகுப்பு தொடங்கிய அன்று கடைசி பெஞ்சில் அதே முகம்! டீச்சருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் விஷயத்தைச் சொன்னார். தையல்காரர் அப்போதே கிளம்பிவிட்டார்.

"எங்க போறீங்க?"

"போய் ஒரு கும்பிடு போட்டுட்டு வரேன்."

"உட்காருங்க. அவருக்கு நம்மளை அடையாளம் தெரியல. இப்படி ஆக்சிஜன் மாஸ்க் மாட்டி எத்தனை பேரை ஏத்தியிருப்பாரு! இப்ப சொன்னா, நான் தயவு பண்றேன்னு நினைப்பாரு. நான் போடற மார்க்கை அவரே நம்ப மாட்டாரு. பாஸ் பண்ணட்டும், அப்புறம் சொல்லுவோம்."

பாஸ் பண்ணட்டும் என்பது அவ்வளவு லேசாக இல்லை. டிரைவருக்கு முதுகெலும்பு தேய்ந்துவிட்டது. இனி வண்டி ஓட்டினால் படுக்கைதான் என்று சொல்லிவிட்டார்கள். பணிமனை மேற்பார்வையாளர் வேலை காத்திருக்கிறது, ஆனால் அதற்குப் பட்டயம் வேண்டும். மற்ற பாடமெல்லாம் தேறிவிட்டார். இது ஒன்றுதான் திரும்பத் திரும்பக் காலை வாரியது. வரப்போவது கடைசி வாய்ப்பு, இதிலும் போனால் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

அவர் எங்கே சறுக்குகிறார் என்பதை டீச்சர் முதல் வாரமே கண்டுபிடித்துவிட்டார். திறந்த தொட்டியின் அடியில் அழுத்தமானி என்ன காட்டும் என்று கேட்டால், தண்ணீரின் அழுத்தத்தை மட்டும் எழுதினால் போதும். நம் எல்லோர் தலை மேலும் இருக்கும் காற்றின் அழுத்தத்தை அந்தக் கருவி கணக்கில் எடுப்பதே இல்லை. டிரைவரோ ஒவ்வொரு கணக்கிலும் காற்றைக் கூட்டிவிடுவார். அடித்துத் திருத்திக் கொடுத்தால் மறுநாள் மறுபடியும் கூட்டிக்கொண்டு வந்து நிற்பார்.

அந்தச் சமயத்தில்தான் தேர்வுத்துறையிலிருந்து ஃபோன் வந்தது. இந்த முறை கேள்வித்தாளை டீச்சர் தயாரிக்க வேண்டும்! எத்தனை வருஷமாகக் காத்திருந்தார் தெரியுமா? "மூடியே இல்லாத தொட்டிக்கு மூடி மேல அழுத்தம் கேக்கறாங்க, இவங்க எல்லாம் தொட்டியைப் பார்த்திருக்காங்களா?" என்று ஒவ்வொரு வருஷமும் பழைய தாள்களைப் பார்த்துப் பொருமியவர். அன்று வீட்டில் தலைகால் புரியவில்லை. தையல்காரர் புதுச்சட்டை தைத்துத் தருவதாகச் சொல்ல, "எனக்கு எதுக்கு சட்டை?" என்று சிரித்தார்.

மறுநாள் வகுப்பு முடிந்ததும் டிரைவர் நடைகூடத்தில் வந்து நின்றார். "மேடம், தப்பா நினைக்காதீங்க. கிளாஸ் முடிஞ்சதும் கொஞ்ச நேரம் தனியா சொல்லித் தருவீங்களா? சொல்லித்தர எனக்கு வேற யாரும் இல்ல."

டீச்சர் வீடு வந்து சேர்ந்தபோது முகம் செத்திருந்தது. கேள்வித்தாள் தயாரிப்பவர் யாருக்கும் தனியாகப் பாடம் எடுக்கக் கூடாது. வேண்டியவர் யாராவது தேர்வு எழுதினாலும் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். டிரைவருக்கே சொல்லிக்கொடு என்று தையல்காரருக்குச் சொல்ல ஆசைதான், ஆனால் தன் உயிருக்கு ஈடாக மனைவியின் ஆசையைக் கேட்க அவருக்கு என்ன உரிமை? காலரை இஸ்திரி போட்டுக்கொண்டே காதை மட்டும் உள்ளறையில் வைத்திருந்தார். டீச்சர் தேர்வுத்துறை அதிகாரியிடம் பேசுவது கேட்டது.

"இல்ல சார், என்னால தயாரிக்க முடியாது. எனக்கு வேண்டியவர் ஒருத்தர் எழுதறாரு... ஆமா, உறவுதான்... முறையா? அண்ணன் முறை சார்."

இஸ்திரிப் பெட்டி இருந்த இடத்திலேயே இருந்தது. காலர் கருகிய வாசம் வந்த பிறகுதான் தையல்காரர் அதைத் தூக்கினார். வாடிக்கையாளருக்கு வேறு காலர் வைத்துத் தைக்க வேண்டியதாயிற்று. அந்த வேலையை அவர் அவ்வளவு சந்தோஷமாகச் செய்து நான் பார்த்ததில்லை என்று பிறகு டீச்சரே கேலி செய்தார்.

அன்றிலிருந்து வகுப்பு முடிந்ததும் தினமும் டிரைவர் வந்தார். சமையலறை மேசையில் பாத்திரம், குழாய், எண்ணெய், தண்ணீர் என்று ஒரே களேபரம். தையல்காரர் கூடத்தில் மெஷினோடு மெஷினாக உட்கார்ந்துகொள்வார். "வாங்க சார்", "போய்ட்டு வாங்க சார்", அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டார். பேசினால் உடைந்துவிடுவோம் என்று அவருக்குத் தெரியும்.

"பஞ்சரான டயர்ல கேஜ் வெச்சா என்ன காட்டும்?" என்று கேட்டார் டீச்சர்.

"சைபர்."

"உள்ள காத்தே இல்லையா?"

"இருக்கு மேடம். வெளிய இருக்கற அதே காத்து."

"அந்தக் காத்தைத்தான் கேஜ் கணக்குல விட்டுடறோம். புரிஞ்சுதா?"

"நல்லாப் புரிஞ்சுது மேடம்." அடுத்த கணக்கைப் போட்டார். காற்றைக் கூட்டியிருந்தார்.

டீச்சருக்கே பொறுமை போய்விட்டது. "ஏன் சார் இப்படி? தெரிஞ்சுக்கிட்டே செய்யறீங்களே!"

டிரைவர் பேனாவைக் கீழே வைத்தார். "கை வர மாட்டேங்குது மேடம். இத்தனை வருஷமா காத்துக்குத் தவிக்கறவங்களைத்தான் ஏத்திக்கிட்டு ஓடியிருக்கேன். காத்து கணக்குல இல்லேன்னு எழுதணும்னா என்னமோ பண்ணுது."

கூடத்தில் மெஷின் நின்றுவிட்டது. டீச்சர் எழுந்து அடுப்பில் எதையோ பார்க்கப் போனார். அடுப்பில் ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து வந்து உட்கார்ந்து, தணிந்த குரலில் சொன்னார்: "காத்து இல்லேன்னு யாரும் சொல்லல சார். கேள்வி அதைக் கேக்குதா இல்லையான்னு மட்டும் பாருங்க. கேட்டா சேருங்க, கேக்கலேன்னா விடுங்க. அது எங்கயும் போயிடாது."

அதற்குப் பிறகு டிரைவர் கேள்வியை விரல் வைத்துப் படிக்க ஆரம்பித்தார். மெல்ல மெல்லக் கை வந்தது.

தேர்வன்று மாலை அவர் நேராக இங்கேதான் வந்தார். வாசலிலேயே, "அழுத்தக் கணக்கு பெருசா வந்துச்சு மேடம். காத்தைச் சேர்த்துட்டேன்" என்றார்.

டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. போச்சு, எல்லாம் போச்சு! கேள்வித்தாளைப் பிடுங்காத குறையாக வாங்கிப் படித்தார். திறந்த தொட்டி, மேலே எண்ணெய், கீழே தண்ணீர். அடியில் தனி அழுத்தம் காண்க என்று கேட்டிருந்தார்கள். அதாவது, காற்றையும் சேர்த்து மொத்த அழுத்தம். 'தனி' என்ற சொல்லின் கீழே டிரைவர் அழுத்தமாகக் கோடு போட்டிருந்தார்.

"நம்ம பழக்கம் விடமாட்டேங்குதோன்னு பயந்துட்டேன். மறுபடி படிச்சேன். இந்தத் தடவை அவங்களே கேட்டிருக்காங்க மேடம்!"

டீச்சர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "ஏன் சார், உயிரை வாங்கிட்டீங்களே!"

முடிவு வந்த அன்று டிரைவர் மனைவியோடு வந்தார். தேறிவிட்டார். பணிமனையில் வரும் வாரமே சேரச் சொல்லிவிட்டார்களாம். அந்த அம்மாள் பழப்பையை டீச்சர் கையில் கொடுத்தார். டிரைவர் தடுமாறித் தடுமாறிச் சொன்னார்: "நான் யாரோ, நீங்க யாரோ. எனக்குப் போய் இவ்வளவு செஞ்சிருக்கீங்க. இதுக்கு நான் என்ன கைம்மாறு செய்யப் போறேன்னே தெரியல மேடம்."

தையல்காரர் எழுந்து நின்றுவிட்டார். கழுத்தில் அளவு நாடா தொங்க, சொல்லலாமா என்று மனைவியைப் பார்த்தார். டீச்சர் பழப்பையை மேசையில் வைத்தார். டிரைவரின் வலது கையைப் பிடித்து இழுத்து வந்து, தன் கணவரின் இடது மார்பில் விரித்து வைத்து, விலகிவிடாதபடி அதன் மேல் தன் கையையும் வைத்து அழுத்திக்கொண்டார்.