பன்னிரண்டு மூட்டை சுத்தமான கடலை

கப்பலூர் டோல்கேட்டில் பஸ் நிற்கும்போதே செல்லக்கிளி சொல்லிவிடுவாள், மில்லில் அன்றைக்கு எள் ஓடுகிறதா கடலை ஓடுகிறதா என்று. ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரே ஒரு மூச்சு இழுப்பாள், அவ்வளவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை விளாங்குடி வீட்டு மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள், சட்டென்று மூக்கைச் சுளித்து, மில்லுக்குப் போன் போட்டு, "எள்ளு கருகுது, ஸ்டீமைக் குறைங்க" என்றாளாம். நடுவில் இருபது கிலோமீட்டர், முழு மதுரை நகரம், அத்தனை பிரியாணிக் கடை. அன்று காற்று தெற்கேயிருந்து அடித்தது என்பதால் பாதியையாவது நம்பலாம்.

நம்பினாலும் நம்பாவிட்டாலும், நாற்பத்து மூன்று வயதில் செல்லக்கிளிக்கு அந்த மூக்கைத் தவிர வேறு சிபாரிசு கிடையாது. பேரையூருக்குத் தெற்கே, மழை வழி தவறி வந்தால்தான் உண்டு என்கிற ஊரில் பிறந்தவள். பத்தாம் வகுப்புவரை படித்தாள். வீரணனைக் கட்டிக்கொண்டு விளாங்குடிக்கு வந்தாள். அவன் குட்டியானை ஓட்டுகிறவன். அதாவது அந்தப் பெயருள்ள சின்ன லோடு வண்டியை. ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஜெயபாண்டியின் எண்ணெய் மில்லில் சாக்குத் தைக்கச் சேர்ந்தவள், சாக்கிலிருந்து மெஷினுக்குப் பருப்புத் தள்ளும் வேலைக்கு நகர்ந்தாள். ஆபரேட்டர் லீவு போட்ட நாளெல்லாம் பழைய மெஷினை அவளே ஓட்டினாள். ஆனால் ஷிப்ட் எழுதும் போர்டில் அவள் பெயர் ஒன்பது வருடமாக 'உதவி' என்பதற்கு நேரேதான் இருந்தது.

போன மாதம் ஆபரேட்டர் திருப்பூரில் மகனோடு தங்கப் போய்விட்டார். அதே மாதம் புது மெஷினும் வந்திறங்கியது. ஜெயபாண்டி மீசையைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

"ஒரு நாள் முழுசா ஓட்டிக் காட்டு செல்லக்கிளி. ஓடிருச்சுன்னா மெஷின் உன் கையில. இல்லன்னா திங்கக்கிழமை விருதுநகர்ல இருந்து ஒரு ஆளு வாராரு. நான் வெள்ளனயே சொல்லிட்டேன், பெறகு மொகத்தத் தூக்கிவச்சுக்கிடக் கூடாது."

"சரிண்ணே. மொத லோடு எங்க ஊர்க் கடலை."

அந்தக் கடலைக்கு ஒரு கதை உண்டு. அவள் சின்னம்மா சுந்தரம்மாளும் இன்னும் பதினோரு பெண்களும் சேர்ந்து நிலம் குத்தகைக்கு எடுத்துப் போட்ட கடலை அது. பன்னிரண்டு பேரும் பிறந்ததிலிருந்து அடுத்தவர் களத்தில் கூலிக்குக் கடலை உடைத்தவர்கள். குவியலில் ஒரு துண்டுத் தொலி, கடலை ஓட்டின் சில்லு, கிடந்தால் போதும், களத்துக்காரர் அதைக் கையில் எடுத்து, எல்லோரும் பார்க்கும்படி தூக்கிப் பிடித்து, வம்சத்தையே இழுத்துப் பேசுவார். இந்த முறைதான் சொந்தக் கடலை. வியாபாரியிடம் தள்ளாமல் எண்ணெயாகவே ஆட்டி விற்கலாம் என்று அவர்களைக் கிளப்பிவிட்டதும் செல்லக்கிளிதான். போனில் வேறு ஒரு வார்த்தை சொல்லிவைத்தாள்: "சின்னம்மா, புது மெஷினு. சுத்தமா கொண்டாங்க."

சுந்தரம்மாளிடம் போய் இப்படிச் சொல்லலாமா? ஒரு வாரம் அந்த ஊரில் சுளகுச் சத்தம் ஓயவில்லை. மூன்று முறை புடைத்தார்கள். அப்புறம் வரிசையாக உட்கார்ந்து கையால் பொறுக்கினார்கள். சிவப்புத் தோலில்கூடப் பாதி உதிர்ந்துபோனது. கடைசியில் அந்தப் பருப்பின்மேல் உட்கார வந்த ஈக்கள் வழுக்கி விழுந்ததாக ஊரில் பேச்சு.

சனிக்கிழமை காலையில் வீரணனின் குட்டியானையில் பன்னிரண்டு மூட்டையும் வந்து இறங்கின. முன்சீட்டில் கோயில் தேரில் வருவதுபோலச் சுந்தரம்மாள் வந்தாள்.

"வழியெல்லாம் பள்ளத்துல எறக்காத, கடலைக்கு வலிக்கும்னாங்க உங்க சின்னம்மா," என்றான் வீரணன். "என் இடுப்பு வலிச்சதப் பத்தி ஒரு வார்த்த கேக்கல."

"உன் இடுப்ப ஆட்டுனா எண்ணெ வருமா?" என்றாள் சுந்தரம்மாள்.

மெஷின் கம்பெனியிலிருந்து முகேஷ் வந்திருந்தான். டிப்ளமோ படித்த டெக்னீஷியன். கையில் குறிப்புப் புத்தகம் வைத்திருந்தான். ஒரு மூட்டையைப் பிரித்துப் பார்த்தவன் வாயைப் பிளந்தான். "அக்கா, இப்படி ஒரு மெட்டீரியலை நான் பாத்ததே இல்ல. புக்குல போட்டிருக்கிற படம் மாதிரியே இருக்கு."

சுந்தரம்மாள் ஒரு சுற்றுப் பெருத்தாள்.

இந்த மெஷின் என்ன செய்கிறது என்று கேட்டால் செல்லக்கிளி பஸ்ஸை வைத்துத்தான் விளக்குவாள். திங்கட்கிழமை காலை பெரியார் பஸ் நிலையத்திலிருந்து கிளம்புகிற பஸ். பின்வாசலில் ஏறுகிறவர்கள் தள்ளுகிறார்கள். முன்வாசல் கால்வாசிதான் திறந்திருக்கிறது. நடுவில் நிற்கிறவர்களுக்கு வேர்த்து ஊற்றுகிறது. அதேதான் இங்கேயும். உடைத்த பருப்பை நீராவியில் சூடாக்கி மேலேயிருந்து விடுவார்கள். உள்ளே தடித்த திருகுத் தண்டு சுற்றிச் சுற்றி அதை முன்னால் தள்ளும். தண்டைச் சுற்றி இரும்புப் பட்டைகளால் ஆன கூண்டு. போகப் போக உள்ளே இடம் குறுகும். சக்கை வெளியேறும் வாயில் முட்டுக்கட்டைபோல ஒரு இரும்புக் கூம்பு, கோன் என்பார்கள். நெரிசல் தாங்காமல் எண்ணெய் பட்டைகளின் மயிரிழை இடுக்கு வழியாகக் கசிந்து கீழே வடியும். பிழிந்த சக்கை கோனைச் சுற்றித் தகடு தகடாகப் புண்ணாக்காக வெளியே விழும்.

மெஷினைச் சூடேற்றிவிட்டுப் பருப்பைத் திறந்தாள் செல்லக்கிளி. கடகடவென்று நன்றாகத்தான் கிளம்பியது. பத்து நிமிஷம் கழித்து எண்ணெய்க்குப் பதிலாகக் கூண்டின் இடுக்குகளிலிருந்து மஞ்சளாக, கொழகொழவென்று, பல் இல்லாத குழந்தைக்கு ஊட்டுகிற கூழ்போல ஒன்று பிதுங்கியது. புண்ணாக்கு விழ வேண்டிய வாயிலும் அதே கூழ். எண்ணெய் என்று பார்த்தால் ஒரு தாளிப்புக்குக்கூடக் காணாது.

"என்னாடி இது, சட்னி அரைக்குது?" என்றாள் சுந்தரம்மாள்.

செல்லக்கிளி கோனை இறுக்கினாள். கூழ் இன்னும் வேகமாகப் பிதுங்கியது. தளர்த்தினாள். சோம்பேறித்தனமாக வழிந்தது. முகேஷ் புத்தகத்தைப் புரட்டினான்.

"ஈரம் அதிகம்னு நெனைக்கிறேன்க்கா."

அவள் ஒரு பருப்பைப் பல்லில் வைத்துக் கடித்தாள். டக்கென்று இரண்டாக உடைந்தது. "ஈரமில்ல தம்பி. இது சித்திர வெயில்ல கெடந்தது மாதிரி காஞ்சிருக்கு."

"அப்ப கூண்டைப் பிரிச்சு இடுக்கைக் குறைக்கணும். ரெண்டு நாள் ஆகும்."

ஜெயபாண்டி மெல்ல வாசல் பக்கம் போய்ப் போனை எடுத்தார். எந்த ஊருக்கு என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. சுந்தரம்மாள் அதற்குள் கூழ் விழுகிற தட்டுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாள். பன்னிரண்டு பேரின் ஒரு வெள்ளாமை. ஊருக்குத் திரும்பிப்போய் என்ன சொல்வது என்பது அவள் முதுகிலேயே தெரிந்தது.

செல்லக்கிளி மெஷினுக்கு மேலே ஏறி, பருப்பு விழுகிற தொட்டிக்குள் கையை விட்டு அளைந்தாள். வழவழவென்று சுகமாக இருந்தது. அந்தச் சுகம்தான் அவளுக்கு உறைத்தது. ஒன்பது வருடமாகப் பருப்புத் தள்ளியவள். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் நகக்கண்ணெல்லாம் தொலி குத்தி எரியும், தேங்காயெண்ணெய் தேய்த்துத்தான் தூங்குவாள். வியாபாரிகள் அனுப்புகிற கடலையில் உடைந்த தொலி எப்போதும் கலந்தேதான் வரும். இன்றைக்குக் கையில் ஒரு கீறல்கூட இல்லை.

அப்படியே கையை வெளியே எடுத்துப் பார்த்தாள். பிறகு வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "அண்ணே, போனக் கொஞ்சம் வைங்க. அரமணி நேரம் குடுங்க."

"என்னாச்சு?"

"கடலை சுத்தமா இருக்குண்ணே."

"அதுக்கு?"

"அதான் கோளாறு. வழுக்குது. தண்டு சுத்துறப்ப பருப்பும் கூடவே சுத்துது, முன்னால போக மாட்டேங்குது. பஸ்ஸுல அம்புட்டுப் பேரு கால்லயும் எண்ணெயத் தடவிவிட்டா எவன் நெருக்கித் தள்ளுவான்? சொரசொரன்னு எதாச்சும் உள்ள இருந்தாத்தான் பிடி கெடைக்கும்."

ஜெயபாண்டி முகேஷைப் பார்த்தார். முகேஷ் புத்தகத்தைப் பார்த்தான். புத்தகத்தில் 'சுத்தமான விதைகளையே பயன்படுத்தவும்' என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. அதை எழுதியவன் சுந்தரம்மாளைக் கண்டதில்லை.

பாய்லரில் எரிக்க, நேற்று உடைத்த கடலையின் தொலி பின்கொட்டகையில் மலையாகக் குவிந்து கிடந்தது. செல்லக்கிளி கூடையோடு போய் அள்ளினாள். சலித்து, மண்ணையும் தூசியையும் போக்கி, மூட்டைக்கு ஒரு கூடை என்று கணக்கு வைத்துக்கொண்டு வந்தாள். முதல் கூடையைப் பருப்பின்மேல் கொட்டப் போகும்போது சுந்தரம்மாள் எழுந்து வந்து கூடையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏத்தா, உனக்குக் கிறுக்கா? பன்னெண்டு பேரு கண்ணு நோக ஒவ்வொன்னாப் பொறுக்கி எடுத்ததுடி. அதுல கொண்டாந்து தொலியக் கொட்டுறியா?"

"விடு சின்னம்மா."

"விட மாட்டேன். நாளைக்கு எவனாச்சும் எண்ணெய மோந்து பாத்து, இவளுக கடலையில தொலி கெடந்துச்சும்பான். ஒங்காத்தா சின்னத்தாயி இந்தப் பேச்சு வாங்கியே செத்தா."

மெஷின் சத்தத்திலும் அது கேட்டது. செல்லக்கிளி கூடையை விடவில்லை, இழுக்கவும் இல்லை.

"எங்காத்தாவ ஏசுனவன் ஒருநாளும் மெஷின் ஓட்டல சின்னம்மா," என்றாள். "அவன் தொலி இல்லாம வாங்கிட்டுப் போன கடலைக்கு, மில்லுல எங்கள மாதிரி ஆளு தொலியப் போட்டுத்தான் ஆட்டிருக்கணும். அவனுக்கே தெரியாது. ஒரு மூட்டைக்குப் போட்டுப் பாக்குறேன். சரியா வரலன்னா மிச்சப் பதினொன்னையும் ஏத்திவிடுறேன், கொண்டுபோயி வியாபாரிகிட்டயே தள்ளு. விருதுநகர்க்காரன் வந்து இந்த மெஷின ஓட்டட்டும்."

சுந்தரம்மாள் மருமகனைப் பார்த்தாள். வீரணன் மேலே ஓடுகிற பெல்ட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். இந்த மாதிரி நேரங்களில் அவனுக்கு எப்போதும் ஒரு பெல்ட் கிடைத்துவிடும்.

"ஒத்த மூட்டைதான்," என்று கையை எடுத்தாள் சுந்தரம்மாள்.

செல்லக்கிளி கோனைத் தளர்த்தி, பழைய கெட்டிப் புண்ணாக்கைப் போட்டு உள்ளே அடைத்திருந்த கூழைத் தள்ளி வெளியேற்றினாள். அந்தக் கூழையும் வீணாக்கவில்லை. தொலி கலந்த பருப்போடு சேர்த்துப் பிசறி மேலே ஏற்றினாள். மெதுவாகத் திறந்தாள். கரண்ட் இழுப்பதைக் காட்டும் முள் முதலில் நடுங்கியது, பிறகு ஏறியது. மெஷினின் சத்தம் மாறியது. அதுவரை வெறும் வாயை மென்றுகொண்டிருந்தது, இப்போதுதான் பல்லுக்கு ஏதோ சிக்கியதுபோல ஒரு உறுமல். கோனை அரைச்சுற்று இறுக்கினாள். இன்னொரு அரைச்சுற்று.

கூண்டின் இடுக்குகளில் வேர்வை பூத்தது. வேர்வை சொட்டாகி, சொட்டு இழையாகி, கூண்டின் கீழ்ப்பக்கம் முழுக்கப் பொன்னிறச் சரம் கட்டித் தொங்கியது. வாயில் புண்ணாக்கு தகடாக நீண்டு, தன் பாரம் தாங்காமல் சடக்கென்று ஒடிந்து விழுந்தது. கடலை வாசனை கொட்டகையை நிறைத்தது. அந்த வாசனையில் கப்பலூர் டோல்கேட்டில் நின்ற வண்டிகளெல்லாம் கிளம்ப மனமில்லாமல் நின்றதாக வீரணன் பிற்பாடு சொல்லித் திரிந்தான்.

சுந்தரம்மாள் விழுந்த புண்ணாக்குத் தகட்டை எடுத்து விரலால் நசுக்கினாள். விரலில் எண்ணெய் ஒட்டவில்லை. வடிகிற எண்ணெயில் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்தாள். நிச்சயம் பண்ணிக்கொள்ள இன்னொரு சொட்டும் வைத்தாள்.

"தொலி ருசியே இல்லடி," என்றாள்.

"தொலி புண்ணாக்கோட போயிரும். எண்ணெய்ல மிச்சம் மீதி மிதக்குறத பில்டர் துணி புடிச்சுக்கிரும்."

"அப்ப அந்தப் பதினொன்னையும் அவுரு. சும்மா நிக்காத."

முகேஷ் புத்தகத்தின் ஓரத்தில் பேனாவால் ஏதோ எழுதினான். "எவ்வளவு போட்டீங்கக்கா?" என்று கேட்டு, மறுபடியும் எழுதினான். மத்தியானச் சோற்றைச் செல்லக்கிளி மெஷின் பக்கத்திலேயே நின்றுகொண்டு சாப்பிட்டாள். ஒரு கையில் புளிச்சோறு, ஒரு கண் முள்ளின்மேல். சாயங்காலம் நாலரைக்குக் கடைசி மூட்டையும் காலியானது. நடுவில் மெஷின் ஒருமுறைகூட நிற்கவில்லை. வடிகட்டிய எண்ணெய் டின் டின்னாகக் குட்டியானையில் ஏறியது. சுந்தரம்மாள் ஒவ்வொரு டின்னின் மூடியையும் தானே அழுத்திப் பார்த்தாள்.

ஜெயபாண்டி ஷிப்ட் போர்டுக்கு முன்னால் சாக்பீஸோடு நின்றார். போனில் யாருக்கோ, "இல்லங்க, இங்க ஆளு ஆயிருச்சு, வர வேண்டாம்," என்று சொல்லி முடித்துவிட்டுத் திரும்பினார்.

"திங்கக்கிழம மெஷின எத்தன மணிக்குப் போடலாம்? எட்டுன்னு எழுதிருக்கேன்."

ஒன்பது வருடத்தில் அந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை. செல்லக்கிளி கைகளைச் சாக்கில் துடைத்தபடி நிதானமாக யோசித்தாள்.

"எட்டரைக்குப் போடுவோம்ணே. நான் வார பஸ்ஸு அதுக்கு முன்ன வராது."

ஜெயபாண்டி எட்டை அழித்துவிட்டு எட்டரை என்று எழுதினார்.