பூனைகள் காட்டிக்கொடுத்த டிரம்

திருவொற்றியூரில் மீன் விற்கிறேன். மீஞ்சூர்ப் பக்கம் ரசாயன உரம் போடாமல் கீரை பயிரிடும் ஏழுமலை அண்ணன், "மீன் கழிவைக் கொட்டாதே, தங்கச்சி. வெல்லம் சேத்து ஊற வச்சா பயிருக்குத் தெளிப்பேன். டிரம் வாயைத் துணியால கட்டு, போதும்" என்றார்.

வீட்டு வாசலில் ஒரு டிரம்மில் அப்படியே ஊறவைத்தேன்; ஆனால் பூனைகளுக்குப் பயந்து, துணிக்குப் பதில் மூடியை இறுகத் திருகிவிட்டேன்.

ஒருநாள் மதியம் 'டமார்' என்று சத்தம். மூக்கைத் துளைக்கும் நாற்றம். சுற்றிலும் ரசாயனக் கம்பெனிகள் இருப்பதால், நாற்றம் என்றாலே எங்களுக்குக் குலை நடுங்கும். எதிர்வீட்டு நசீமா, "கேஸ் லீக்காயிச்சு! அல்லாரும் ஓடுங்க!" என்று அலறினாள். ஈரத்துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவே ஓடியது. நானும்தான் ஓடினேன்.

தெருமுனையில் நின்று திரும்பிப் பார்த்தால், பூனைகள் மட்டும் எதிர்த்திசையில் பாய்ந்துகொண்டிருந்தன.

"இன்னாக்கா, பூனைங்க அல்லாம் உன் வூட்டாண்ட ஓடுது?" என்றாள் நசீமா.

எனக்குச் சுரீரென்றது. புளித்த கழிவிலிருந்து கிளம்பிய காற்றுக்கு வழியில்லாமல் மூடி தெறித்திருந்தது. தெரு முழுவதையும் பினாயில் ஊற்றி நானே கழுவினேன்.

இப்போது துணிதான் கட்டுகிறேன். தெருக்காரர்களும் மீன் கழிவைக் கொண்டுவந்து தருகிறார்கள். அண்ணனின் கீரை எல்லா வீட்டுக்கும் வருகிறது. ஆனால் காற்றில் லேசாக வாடை அடித்தாலும் நசீமா ஜன்னலைத் திறந்து கேட்டுவிடுகிறாள்: "யக்கா, இது கம்பெனியா, உன் டிரம்மா?"