மூக்கு ரோட்டைப் பார்த்து நிற்கட்டும்

ஒரு வேலையாக நாகர்கோவில் போய், அங்கே கடைத்தெருவில் காரை நிறுத்த இடம் தேடிச் சுற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த என் மனைவியின் கைப்பேசி அடித்தது. கேட்டுவிட்டு, "அண்ணாச்சி போயிட்டாவ" என்றாள். நடுரோட்டில் அப்படியே பிரேக்கை மிதித்துவிட்டேன். அண்ணாச்சி பார்த்திருந்தால் நன்றாக ஏசியிருப்பார்.

பெயின்ட் கடை ஞானசிகாமணி அண்ணாச்சியை நம் ஊர்க் கடைத்தெருவில் அறியாதவர் யார்? என் மருந்துக்கடைக்கு எதிரே அவர் கடை. அதை ஒட்டி அவர் போகும் கிறிஸ்தவ ஆலயமும் அதன் மைதானமும். ஞாயிறுதோறும் ஆராதனைக்கு வரும் கார்களை அவரே நின்று ஒழுங்கு செய்வார். எல்லா வண்டியையும் பின்பக்கமாக உள்ளே விடச் சொல்வார். "மூக்கு ரோட்டப் பாத்து நிக்கட்டும். வரும்போ சாவகாசமா வரலாம். போறதுக்குத்தான் அவசரம் வரும்" என்பார். மற்ற நாட்களில் கடைத்தெருவுக்கு வரும் எல்லோருக்கும் அந்த மைதானத்தைத் திறந்துவிட்டவரும், சபைச் செயலாளராக இருந்த அவர்தான். முட்டத்திலிருந்து மருந்து வாங்க வருபவர்கள் அங்கே நிறுத்திவிட்டுத்தான் என் கடைக்கு வருவார்கள்.

அந்த மைதானத்தில் கடைகள் கட்டி வாடகைக்கு விடலாம் என்று கிளம்பினார் காண்ட்ராக்டர் ஜெபராஜ். முதல் கடை அண்ணாச்சிக்கே என்று ஆசையும் காட்டினார். "கடையக் கெட்டிட்டு, வாறவன் வண்டிய எம் மண்டையிலயா நிறுத்துவான்?" என்றார் அண்ணாச்சி. சபைத் தேர்தல் வந்தது. நம் ஊர்ச் சபைத் தேர்தலுக்கு முன்னால் சட்டமன்றத் தேர்தல் எம்மாத்திரம்! அண்ணாச்சி தோற்றார், ஜெபராஜ் செயலாளரானார். அடுத்த ஞாயிறும் அண்ணாச்சி வழக்கம்போல வாசலில் நின்றார். இனி இது எதற்கு என்று கேட்டேன்.

"பதவிதாம்லா போச்சு. கார் வருதுல்லா?"

அஸ்திவாரம் தோண்ட நாள் குறித்திருந்த சமயம். ஆராதனை நடுவே ஜெபராஜின் தகப்பனார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஜெபராஜின் கார், அண்ணாச்சி நிறுத்தச் சொன்னபடி, ரோட்டைப் பார்த்து நின்றது. ஒரு வண்டியும் குறுக்கே இல்லை. நேரத்துக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்ததால் பெரியவர் பிழைத்துக்கொண்டார். அதன்பின் ஜெபராஜ் கடை கட்டும் பேச்சையே எடுக்கவில்லை. அண்ணாச்சியும் ஒருநாள்கூட அதைச் சொல்லிக்காட்டியதில்லை. அவரிடம் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

அண்ணாச்சியின் அடக்க ஆராதனைக்குப் போனோம். மைதானம் நிறைந்துகொண்டிருந்தது. வாசலில் வெள்ளைச் சட்டை வேர்வையில் ஒட்ட ஜெபராஜ் நின்றிருந்தார். துக்கத்தில் நினைவில்லாமல் நேராக உள்ளே நுழைந்த என்னைக் கைகாட்டி மறித்தார். கண்கள் சிவந்திருந்தன.

"மக்கா, திருப்பிப் போடு. மூக்கு ரோட்டப் பாத்து நிக்கட்டும்."

திருப்பிப் போட்டேன். இனி எங்கே நிறுத்தினாலும் அப்படித்தான் நிறுத்துவேன். அண்ணாச்சி எனக்கு விட்டுப்போனது அது. அவரை ஏற்றிய வண்டி கல்லறைத் தோட்டத்துக்குப் புறப்பட்டபோது, குறுக்கே ஒரு காரும் இல்லை.