ஆக்லாந்தில் ஒரு ஷெட்லாந்துச் சுருள்

நூலகம் மூடப் பத்து நிமிடம் இருக்கிறது. நாளைக் காலை எனக்குச் சென்னை விமானம். மவுண்ட் ஆல்பர்ட் வீட்டில் படுத்த படுக்கையாய் இருக்கும் என் மாமனார் டேவிட், பதினாறாம் நூற்றாண்டில் ஷெட்லாந்துத் தீவுகளில் வாழ்ந்த தன் முன்னோர் யாரென்று கேட்டிருக்கிறார். பழைய பதிவேடுகளின் மைக்ரோஃபிலிம் சுருளில் மூன்று நாளாகத் தேடியும் ஒருவரும் அகப்படவில்லை.

இங்கே நூலகராக இருக்கும் யாழ்ப்பாணத்துக் கௌரி பின்னால் வந்து நிற்கிறார்.

"எந்தப் பேரைத் தேடுறீங்கள், தம்பி?"

"மாமனாரோட குடும்பப் பேரைத்தான்," என்கிறேன் எரிச்சலோடு.

"அந்தக் காலத்தில அந்தத் தீவுச் சனத்துக்குக் குடும்பப் பேர் இல்லை. எங்களைப் போல, தகப்பன்ர பேர்தான்."

சுருளை முதலுக்குத் திருப்புகிறேன். என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பா பெயர்தான் இருக்கிறது. மூன்று நாளாக இங்கே எல்லோரும் என்னை அந்தப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்.